மடைக்குப் பின்னால்

மே 10, 1987. ஞாயிறு.

கத்திரி வெயில். ஓட்டுக்குக் கீழே உட்கார முடியவில்லை. மாந்தோப்பில் ஏழு வீடும் நிறைந்துவிட்டது. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்கிவிட்டார்கள், கோடை முடிகிறவரைக்கும். மம்சாபுரத்தில் கண்மாய் என்று சொல்வது இவர்களுக்கு 'லேக்'. தண்ணீர் எருமைக்கு முட்டி வரை. அதைப் பார்த்தபடி கரையில் பிரம்பு நாற்காலி போட்டுச் சீட்டாட்டம்.

வாங்க: மண்ணெண்ணெய், கொசுவர்த்தி, பிளேடு.

மூன்றாம் வீட்டில் தங்கை ராஜமும் அவள் புருஷனும். மூன்று வருடம் முன் ஒரு பந்தியில் என்னைக் காட்டி, "மச்சான் படிச்சது அம்புட்டும் பேசத்தான், பொழைக்கதுக்கில்ல" என்று அத்தனை பேரையும் சிரிக்க வைத்தவன். அன்றிலிருந்து பேச்சில்லை. பருத்தித் தரகனுக்கு அவ்வளவு வாய்.

மே 12. செவ்வாய்.

வெள்ளிக்கிழமை கரைக்கோயிலில் ராஜத்தின் மகளுக்குக் காதுகுத்தாம். தாய்மாமன் மடி வேண்டும். நான் இல்லையென்றால் சித்தப்பா மகன் கணேசன், ஐந்தாம் வீடு. ஒன்றுவிட்ட மாமன். சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவதைத் தவிர வேறெதற்கும் லாயக்கில்லை.

மாலையில் அந்தக் குழந்தை வேலியோரம் வந்து நின்றது. மூன்று வயது. மூக்கு ஒழுகல்.

"நீதான் எங்க மாமாவா?"

"ஆரு சொன்னா?"

"அம்மா. ஒம் மடியிலதான் உக்காரணுமாம்."

உள்ளே வந்து நல்ல வேட்டி இரண்டையும் துவைத்துப் போட்டேன். எப்படியும் துவைக்க வேண்டியதுதான்.

மே 13. புதன்.

பக்கத்து வீட்டு சுப்பையா. தோப்பில் வம்பு மொத்த வியாபாரம் இவரிடம்தான்.

"நாளைக்கு நாலு மணிக்குத் தட்டோட வாராகளாம் சார். முறையாக் கூப்பிடணும்னு ஒங்க தங்கச்சி ஒத்தக்கால்ல நிக்கிதாம்."

வரட்டும். கூப்பிட்டவுடன் போய் நிற்கிறவன் நானில்லை. முதல் தடவை பூட்டைப் பார்த்துத் திரும்பட்டும். இரண்டாம் தடவை வந்தால்தான் அது அழைப்பு.

மே 14. வியாழன்.

மூன்றரைக்கே வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னால் மடைச்சுவர் மறைவில் போய் உட்கார்ந்தேன். எறும்பு. நாலரைக்கு வந்தார்கள். தட்டில் வெற்றிலை, பழம், வேட்டி, துண்டு. ராஜம் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வரை வந்து பார்த்தாள்.

"பூட்டிக் கெடக்கு. நான் அப்பவே சொன்னேம்லா." அவன்.

"செத்த நேரம் பாப்பமே."

கால் மணி நேரம் நின்றாள். பிறகு போய்விட்டார்கள்.

ஏழு மணி வரை பார்த்தேன். இரண்டாம் தடவை யாரும் வரவில்லை. மூன்று பேருக்குக் காய்ச்சிய பால் திரிந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சுப்பையா, கேட்காமலே: தட்டு ஐந்தாம் வீட்டுக்குப் போய்விட்டதாம்.

மே 15. வெள்ளி.

கணேசன் மடியில் காதுகுத்து. நாயனக்காரன் அபஸ்வரம். குழந்தையின் அழுகை இங்கே வரை.

மதியம் ராஜம் தனியாக வந்தாள். கையில் கோயில் பொங்கலோடு தூக்குவாளி.

"நேத்து எங்கண்ணே போயிருந்தீக?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. ஒரு சோலி."

வாளியை வாசற்படியில் வைத்தாள்.

"மடைக்குப் பின்னால ஒங்க சட்ட தெரிஞ்சுச்சு. அவிய பாக்கல. எந்திரிச்சு வருவீகன்னுதான் நின்னேன்."

போய்விட்டாள்.

பொங்கலில் நெய் போதாது.