சோபாத் துணிப் போர்வை

அன்புள்ள மருமகனுக்கு,

போர்வைக் குழுவைக் கலைத்துவிட்டேன். மாடியில் முன்னறையைப் பூட்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாயிற்று. என் தங்கை, உன் அம்மா, நடமாடுகிறாள். அதற்கு மேல் நல்லபடியாகச் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் "லைன் விட்டு விட்டுக் கேக்குது மாமா" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்துப் போட்டாலும் மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

கடை சுமார்தான். இப்போதெல்லாம் ஜன்னலுக்குத் திரை தைப்பவர்கள் குறைந்து, பிளாஸ்டிக் பட்டையைச் சுருட்டி மாட்டிவிடுகிறார்கள். சோபாத் துணி மட்டும் கொஞ்சம் போகிறது. உன் அத்தைக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒன்றுமில்லை. என்னைத் திட்டுவதற்கு இப்போது நியாயமான காரணமும் கிடைத்துவிட்டது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும், மீதியை நான்தான் மறைத்தேன்.

சின்னவன் படுக்கையில் கிடந்தபோது எந்நேரமும் குளிருது, குளிருது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். எத்தனை கம்பளி போட்டும் உன் தம்பிக்குப் போதவில்லை. உன் அம்மா கீழே இறங்கி வந்து என் பழைய சாம்பிள் புத்தகங்களைக் கேட்டாள். மில்காரர்கள் சீசனுக்குச் சீசன் சோபாத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, புத்தகம் மாதிரிக் கட்டி அனுப்புவார்கள். சீசன் முடிந்தால் அது குப்பை. அந்தச் சதுரங்களை ஒட்டுப் போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, ஒரு போர்வை தைக்க ஆரம்பித்தாள். மூலையில் எம்பிராய்டரியில் ஒரு குருவி. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற குருவி. ஏன் திரும்பிப் பார்க்கிறது என்று கேட்டேன். நேராகப் பார்க்கிற மாதிரி மூக்குப் போட வரவில்லை என்றாள்.

குருவிக்குக் கால் போடுவதற்குள் சின்னவன் போய்விட்டான்.

போன பிறகும் உட்கார்ந்து தைத்து முடித்தாள், குருவியின் காலை மட்டும் அரைகுறையாக விட்டு. முடித்து ஊசியைக் குத்தி வைத்தவள் அப்படியே படுத்துவிட்டாள். குளிப்பதில்லை, தலை வாருவதில்லை. உன் அத்தை மேலே கொண்டுபோன தட்டு போனபடியே இறங்கி வந்தது. நீ அப்போது வெளிநாடு போய்ச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. குறையாகச் சொல்லவில்லை. வைத்தியத்துக்கு நீ அனுப்பிய பணம் சமயத்துக்கு வந்தது. ஆள்தான் பணத்துக்காகக் காத்திருக்கவில்லை.

நான் கணக்குப் போட்டேன். இவளுக்குக் கை ஓடினால் உடம்பு எழுந்திருக்கும். தையலைக் கொடுத்துப் பார்த்தேன். "யாருக்குண்ணா?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாடிக்கையாளர் இல்லாமல் சரக்கு எப்படிச் செய்வது? அதுவும் சரிதான் என்று, வாடிக்கையாளரைத் தேடிக் கிளம்பினேன்.

ஊருக்கு வெளியே அநாதைப் பிள்ளைகள் காப்பகம் இருக்கிறதே, அங்கே போனேன். மேலாளர் ஓர் அறையைத் திறந்து காட்டினார். உத்தரம் வரை கம்பளி. தர்மம் செய்ய வருகிறவன் எல்லாம் போர்வையோடுதான் வருகிறான், இருக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு நான்கு போர்த்தலாம் என்றார். அவருக்கு வேண்டியது திரை. சாயங்கால வெயில் படிக்கிற பிள்ளைகள் மூஞ்சியிலேயே அடிக்கிறதாம். அங்கேயே பேசி முடித்தேன். நான் கொண்டுவருகிற போர்வையை அவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் அறைக்குத் திரை என் செலவு.

உன் அம்மாவிடம் வந்து, அங்கே பிள்ளைகள் குளிரில் நடுங்குகிறார்கள் என்றேன். எழுந்து உட்கார்ந்தாள்.

தனியாக விட்டால் மறுபடி படுத்துவிடுவாளே என்று ஆள் சேர்த்தேன். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்தார். சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கிற பெண் ஒருத்தி, எல்லாரும் பட்டன்காரி என்றே கூப்பிடுகிறோம், வேலை விட்டதும் நேரே வந்துவிடுவாள். மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து இரண்டு மருமகள்கள். அவர்கள் மாமியாரிடமிருந்து தப்பிக்க வந்தவர்கள், ஆனால் வேலை சுத்தம்.

அந்த முன்னறையை நீ பார்த்திருக்க வேண்டும். சாம்பிள் துணியின் முதுகில் மில்காரன் சீட்டு ஒட்டியிருப்பான். அது உரிந்து வர ஒருநாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். மொட்டை மாடியில் சதுரம் சதுரமாகக் காயும். ஒவ்வொரு போர்வை மூலையிலும் உன் அம்மாவின் அந்தக் குருவிதான். டீச்சரம்மா எல்லாருடைய தையலுக்கும் மார்க் போடுவார். ஒருநாள் அவர் போட்ட குருவியைப் பட்டன்காரி தூக்கிப் பிடித்து, "டீச்சர், இது குருவியா, முட்டை போடப்போற கோழியா?" என்றாள். உன் அம்மா சிரித்தாள். கீழே கல்லாவில் இருந்த எனக்குக் கேட்டது. வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு நான் படியில் நின்று கேட்டேன். சைக்கிளில் துணி மூட்டை கட்டி விற்ற நாளிலிருந்து இன்றுவரை நான் செய்த வியாபாரத்திலேயே நல்ல வியாபாரம் இதுதான் என்று நினைத்தேன்.

முதல் கட்டு போனபோது சின்னவன் போர்வையையும் அவளே மடித்து மேலே வைத்தாள். வேண்டாம்மா, இருக்கட்டும் என்றேன். இங்கே கிடந்து யாருக்குச் சூடு, யாராவது ஒரு பிள்ளை போர்த்திக்கொள்ளட்டும் என்றாள்.

இன்னும் சில கட்டுகள் போன பிறகு காப்பகத்திலிருந்து போன் வந்தது. போர்வை கனமாம். சின்னப் பிள்ளைகளால் இழுத்துப் போர்த்த முடியவில்லையாம். உடம்பில் உறுத்துகிறதாம். ஒரு பிள்ளை நனைத்துவிட்டால் காய ஒரு வாரம் ஆகிறதாம். நான் துணிக்காரன், எனக்குத் தெரியாதா? சோபாத் துணி உட்காருவதற்கு நெய்தது, போர்த்துவதற்கு நெய்தது இல்லை. முதல் நாளே தெரியும். ஆனால் சும்மா கிடந்த துணி. காசு போட்டு மெல்லிய துணி வாங்கித் தர எனக்குக் கை வரவில்லை. அதோடு அவர்கள் கட்டடத்தில் ஜன்னலும் தீர்ந்துவிட்டது. இனி மாட்டத் திரை இல்லை, வாங்கப் போர்வையும் இல்லை. கொடுத்ததையெல்லாம் ஒரு வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேலே போய்ச் சொல்லியிருக்கலாம். அன்றைக்குத்தான் உன் அம்மா தானாகத் தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். சொல்லவில்லை. பிள்ளைகள் இன்னும் நீல நிறம் கேட்கிறார்கள் என்றேன். என்னிடம் நீலச் சாம்பிள்தான் நிறைய மிஞ்சியிருந்தது.

வந்ததையும் புதிதாகத் தைத்ததையும் குடோன் பரணில் ஏற்றினேன். பரண் நிறைந்தது, மழைக்கு ஒழுகவும் செய்தது. அந்தச் சமயத்தில் வீடு மாற்றிக் கொடுக்கிற வண்டிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். பீரோ, கட்டில் எல்லாம் கீறல் படாமல் சுற்றி எடுத்துப்போக ஏதாவது தடித்த துணி கிடைக்குமா என்றார். பரணிலிருந்து ஒன்றை இறக்கிக் காட்டினேன். இரண்டு விரலில் பிடித்து உருட்டிப் பார்த்து, இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே என்றார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். சோபாத் துணி கடைசியில் சோபாவிடமே போய்ச் சேர்ந்தது. அவர் கொடுத்த பணத்தில் பஞ்சும் நூலும் வாங்கி மேலே அனுப்பினேன். இதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. ஓடாத சரக்குக்கு ஓடுகிற இடம் கண்டுபிடித்தேன். என்ன, எங்கே ஓடும் என்று யோசிக்கவில்லை.

எதிர் மாடிக்குப் புதுக் குடித்தனம் வந்தது. வண்டி நம் கடை வாசலில் நின்றது. மேலே அத்தனை பேரும் ஜன்னலில். முதலில் பார்த்தது பட்டன்காரிதான். அக்கா, உங்க குருவி என்றாளாம். நான் கடைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தபோது நாலு பேர் ஒரு ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதைச் சுற்றி நீலப் போர்வை, மேலே கயிறு. குருவி தலைகீழாகத் தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகிறது.

டீச்சரம்மா இறங்கி வந்து, காப்பி அடித்தவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பட்டன்காரி விடவில்லை. "சம்பளமில்லாம வண்டிக்கு மெத்தை தைக்கத்தான் எங்களைக் கூப்பிட்டீங்களா முதலாளி? சொல்லியிருந்தா குருவிக்குப் பதிலா உங்க மூஞ்சியப் போட்டிருப்பேன்" என்றாள். வாசலில் ஆள் கூடிவிட்டது. மருமகள்கள் இரண்டு பேரும் அழுதார்கள். மறுநாளிலிருந்து திரும்பவும் மாமியார்தானே.

உன் அம்மா கடைசியாக இறங்கி வந்தாள். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"ஃப்ரிட்ஜுக்குக் குளிருமாண்ணா?"

எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லி வளர்ந்தவன் நான். மில்காரன், வரிக்காரன், கடன்காரன் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு முன்னால் கல்லாப் பெட்டியைத் திறந்து சில்லறையை எண்ண ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து தட்டு மறுபடி போனபடியே இறங்கி வந்தது. உன் அத்தை கெஞ்சினாள், டாக்டரைக் கூட்டிவந்தோம், ஊசி போட்டார். மறுபடி பேசினபோது ஒன்றே ஒன்று கேட்டாள். சின்னவன் போர்வை எங்கே என்றாள்.

காப்பகத்திலிருந்து திரும்பி வந்த கட்டுகளில் அதுவும் இருந்தது. பரணில் ஏற்றும்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. வண்டிக்காரர் கொட்டகைக்கு ஓடினேன். பாவம், நல்ல மனிதர், தன் ஆட்களையும் விட்டு எல்லாவற்றையும் புரட்டினார். கிரீஸ் நாற்றம், கயிறு அறுத்த தழும்பு. குருவிகள் நிறைய இருந்தன. கால் போட்டும் போடாமலும் இருக்கிற அந்தக் குருவி இல்லை. வெளியூர்ப் பயணத்தில் சிலது அங்கேயே தங்கிவிடும், பீரோவுக்கு அடியில் கொடுத்தால் திரும்பக் கேட்க முடியாது என்றார். எந்த ஊரில் எந்த பீரோவுக்குக் கீழே கிடக்கிறதோ.

திரும்பும்போது என் புத்தி எப்படிப் போயிற்று தெரியுமா? அதே மில், அதே நிறம், சாம்பிள் என்னிடம் இருக்கிறது. பட்டன்காரி காலில் விழுந்தாவது ஒரு குருவி போடச் சொல்லி, நாலு தரம் துவைத்துப் பழசாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? படியேறும்வரை அதுதான் எண்ணம். மேலே போனால், உன் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். சாப்பிடத் தெம்பில்லை, விரிப்பை மட்டும் தவறாமல் மாற்றுகிறாள். நீ வருகிறாய் என்று நான் சொல்லிச் சொல்லி வைத்ததால்.

"கிடைக்கலம்மா. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல" என்றேன்.

விரிப்பை ஓரத்தில் செருகிவிட்டு நிமிர்ந்தாள். "இதையாவது உள்ளபடி சொன்னியே" என்றாள். கீழே வந்து உன் அத்தையிடம் தட்டுக் கேட்டாள். கொஞ்சம் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, "பெரியவன் வருவானா?" என்று கேட்டாள்.

எனக்கு மட்டும் தனியாக நீ எழுதினாயே, சின்னவன் இல்லாத அந்த மாடிப்படி ஏற என்னால் ஆகாது மாமா, அம்மாவிடம் அடுத்த வருஷம் என்று சொல்லி வையுங்கள் என்று, அதைத்தான் இத்தனை நாளும் சொல்லி வந்தேன். பேப்பர் வரவில்லை, முதலாளி விடவில்லை என்று நானாகவும் கொஞ்சம் சேர்த்தேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. கேட்டுச் சொல்றேன் என்றேன். அவளுக்கு அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. என் தங்கைதானே, உடனே பேரம் பேச உட்கார்ந்துவிட்டாள்.

உன்னை வா என்று இழுக்க நான் இதை எழுதவில்லை. வருவாயா என்பதற்கு அவளுக்கு நீ என்ன பதில் எழுதுவாய் என்று எனக்கு ஏறக்குறையத் தெரியும். அதைப் படித்தால் அவள் எழுந்திருப்பாளா, ஒரேயடியாகப் படுத்துவிடுவாளா என்பது தெரியாது. படுத்துவிடுவாள் என்றுதான் உன் அத்தை சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் இனிப் பொய்யில் ஒரு கவளம்கூட அவளுக்கு இறங்காது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அங்கே குளிர் எலும்பில் ஏறும் என்கிறார்கள். போர்த்திக்கொண்டு தூங்கு. உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கோ உன் அம்மாவுக்கோ இரண்டு எண்ணம் இல்லை.

நாங்கள் பேசி முடித்தது இது. அவள் தினமும் ஒருவேளை கீழே இறங்கி வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். அதற்கு ஈடாக, அவள் நன்மைக்கென்று யாரும் அவளிடம் பொய் சொல்லக் கூடாது. நீ உன் கையால் அவளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். வருகிறாய் என்றால் தேதி, இல்லையென்றால் வரமாட்டேன் என்ற வார்த்தை. அடுத்த வருஷம் என்பது செல்லாது. அந்த வரி வரும்வரை கடனுக்குச் சாப்பிடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் மாமா