கேக் மேல் கூட்டெழுத்து

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் குறைவில்லாமல் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு ஒரேயடியாக அங்கே வந்துவிடச் சொல்லியிருந்தாய், டிக்கெட் எடுக்க நாளும் கேட்டிருந்தாய். போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நான் வேலை பார்க்கும் பேக்கரியில் கேக் மேல் எழுதிக்கொண்டிருந்த மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டார். யாருக்கு எழுத வரும் என்று முதலாளியம்மா கேட்டதும், பின்பக்கம் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த நான் முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கிவிட்டேன். எழுதியும் காட்டினேன். என்னக்கா இது, கேக்குல கடை போர்டு மாட்டுன மாதிரி இருக்கே என்றார். எனக்குத் தெரிந்தது இங்கிலீஷ் பெரிய எழுத்து மட்டும்தானே. அவருக்கு வேண்டியது சின்ன எழுத்துகளைக் கையெடுக்காமல் கோத்து எழுதும் கூட்டெழுத்து. சனிக்கிழமை ஒரு பெரிய ஆர்டர் இருக்கு, அதைச் சரியா எழுதிட்டா வேலை உங்களுக்கு, இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே கூட்டெழுத்து நோட்டு ஒன்று வாங்கினேன். உன் கல்யாண போட்டோவின் கண்ணாடியைக் கழற்றி (போட்டோ பத்திரமாக இருக்கிறது) நோட்டின் மேல் வைத்து, அடியில் தெரியும் எழுத்தின் மேலேயே க்ரீம் அடைத்த காகிதக் கோனால் எழுதுவேன், சுரண்டி எடுத்து மறுபடி எழுதுவேன். எஃப்-தான் என் உயிரை வாங்கியது, மேலே ஒரு வளையம் கீழே ஒரு வளையம். ஒவ்வொரு எழுத்துக்கும் கையைத் தூக்குவதைப் பார்த்த அப்பா, டிரைவர் வேலையில் ஓய்வு பெற்றும் பஸ்ஸை விடாதவர், ஏம்மா ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்துற, எக்ஸ்பிரஸ் மாதிரி போ என்றார். சொன்னது சரிதான், ஆனால் அவரிடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஐ-க்குப் புள்ளியும் டி-க்குக் குறுக்குக்கோடும் வார்த்தை முடிந்த பிறகுதான் போட வேண்டும் என்பதும் அப்படித்தான் பிடிபட்டது.

சனிக்கிழமை முதலாளியம்மா பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியில் பழகிய கை, கோன் முனையை ஊன்றியே எழுதும். கேக் என்ன கண்ணாடியா? ஹாப்பி பர்த்டேவின் முதல் எச்-லேயே முனை உள்ளே இறங்கி, ஏர் உழுத மாதிரி பள்ளம். ஆர்டர் கொடுத்தவரும் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டார். அம்மா அழுதிருப்பாள் என்றுதானே நினைக்கிறாய்? அதுதான் இல்லை. கத்தியை வெந்நீரில் நனைத்து அந்த இடத்தை வழித்துச் சமன் செய்தேன். இந்தத் தடவை முனையைத் தொடவிடாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்தேன், க்ரீம் தானாக இறங்கியது, கை அதைக் கூட்டிக்கொண்டு போனது. பி-க்கு வால், ஒய்-க்கு வால், எங்கேயும் அறுபடவில்லை. கடைசியில்தான் புள்ளி வைத்தேன். வந்தவர் பார்த்துவிட்டு யாரு எழுதினது, அழகா இருக்கே என்று கேட்டார். அவர் போன பிறகு முதலாளியம்மா, இனிமே நீங்க முன்னாடி மேஜையிலேயே நில்லுங்கக்கா என்றார். சந்தோஷம் தாங்காமல் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

உன் மேல் பாசம் இல்லை என்று நினைக்காதே கண்ணு. உன்னைப் பார்க்காமல் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து நீ எப்போது வேலையிலிருந்து வருவாய் என்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது, எனக்கு இங்கே வேலை இருக்கிறது. மருமகள் பிறந்தநாளுக்கு லீவு கேட்டுவிட்டேன், இரண்டு பேரும் வருகிறோம். அவள் கேக்குக்கு வெளியில் ஆர்டர் கொடுத்துவிடாதே, அது என் வேலை. நேரத்துக்குச் சாப்பிடு, அவளிடம் குரலை உயர்த்தாதே. இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, டிக்கெட்டை நாங்கள் திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடு.

என்றும் உன்
அம்மா