எதிர்மலை ஊருக்குப் போய்வந்தோம்

மொந்தேசெரோ,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஓர்னெல்லாவுக்கு அப்பா எழுதுவது,

மாதா தயவில் நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்த நார்வே குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஜெபம். உன் வருங்கால மாமியார் குன்வோர் நேற்றுதான் கிளம்பிப் போனார். நல்ல மனுஷி, அம்மா வைத்த காட்டுப்பன்றிக் குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நம் பாஷையை எங்கே படித்தாரோ, என்னைவிடச் சுத்தமாகப் பேசுகிறார். வந்த அன்றே கோட்டைவாசல், கோபுரம் எல்லாம் சுற்றிக் காட்டி, கடைசியில் நீ ஞானஸ்நானம் வாங்கிய கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அந்தச் செங்குத்துப் படிகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கல்யாணத்தன்னிக்கு இதுல நீவெஸ் எப்படி ஏறுவாங்க என்று உன் அம்மாவைக் காட்டிக் கேட்டார். நாலு பேர் நாற்காலியோட தூக்கினா ஆச்சு, இதெல்லாம் ஒரு விஷயமா என்றேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான், என்னை மூட்டை மாதிரி யாரும் தூக்க வேணாம், நான் வீட்லயே இருந்துக்கறேன், அப்புறம் போட்டோ காட்டுங்க போதும் என்றாள். விழுந்து காலை முடக்கிக்கொண்ட இந்த இரண்டு வருஷமாக அவள் கோயிலுக்குள் போகவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் குன்வோர் எதிர்மலையில் தெரிகிற ரொக்கால்தாவைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். நம் கோயில் மணியைத் தூக்கிக்கொண்டு போன ஊர்ப் பயல்கள், அறுநூறு வருஷம் ஆனால் மட்டும் திருட்டு இல்லை என்று ஆகிவிடுமா? இத்தனை வயதில் அந்த ஊரில் ஒரு காப்பி குடித்தவன் இல்லை நான். சம்பந்தி கேட்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு காரை ஓட்டினேன், இறங்க மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவை இறக்கி குன்வோர்தான் தள்ளிக்கொண்டு போனார். வெகுநேரமாகியும் இருவரையும் காணோம். பயந்துபோய்த் தேடிப் போனால், அங்கே சதுக்கமும் கோயில் வாசலும் ஒரே மட்டம், ஒரு படிகூட இல்லை. உள்ளே உன் அம்மா, குன்வோரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, வாசலுக்கும் பீடத்துக்கும் நடுவே தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகிறாள், வருகிறாள். என்னைப் பார்த்ததும், பாத்தீங்களா, யாரும் தள்ளல, நானாவே வந்தேன் என்றாள். நான் அழுதுவிட்டேன் மகளே, மறைக்க என்ன இருக்கிறது.

அதற்குள் கோயில்காரக் கிழவன் வந்து, என்ன மொந்தேசெரோக்காரரே, மணியைத் திருப்பிக் கேக்க வந்தீரா என்று நக்கலடித்தான். இல்லய்யா, என் பொண்ணு கல்யாணத்துக்கு அதை அடிப்பீரான்னு கேக்க வந்தேன் என்றேன். நம் ஊர்க்கோயில்தான் வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே நீ ஆசைப்பட்டது தெரியும், ஆனாலும் கல்யாணத்தை அங்கே வைக்கலாமா என்று யோசித்து எழுது. நம் பாதர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், கறிக்கடைக்காரன் என்னைத் துரோகி என்கிறான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. கடவுள் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, கல்யாண உடையின் பின்தொங்கலை நீளமாகத் தைக்கச் சொல்லாதே, உன் பக்கத்தில் அம்மாவும் பீடம்வரை வருகிறாளாம், சக்கரத்தில் சிக்கும்.

உன் அப்பா,
துவிலியோ