கீறலில் இருந்த பச்சை

தை 25, புதன்

காரின் இடது கதவை நசுக்கியது நான்தான். ஞாயிறன்று உள்ளே திருப்பும்போது கேட்டில் உரசிவிட்டேன். கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொல்லி என் மனைவி கமலா ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். அதனால் அவள் கேட்டதும், "பக்கத்து வீட்டு முருகன் ஆட்டோ பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் நேராக அவரிடமே போய்விட்டாள். "ஏப்பா, பூ மூட்டைய ஏத்திக்கிட்டு அம்புட்டு அவசரமா போகணுமா?"

முருகன் கதவைத் தடவிப் பார்த்தார். "எனக்கே தெரியலையேம்மா. தப்பா நெனைக்காதீங்க சார்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்று டிங்கர் செல்வத்திடம் காட்டினேன். "கதவ மாத்த வேணாம் சார். உள்ளருந்து தட்டி எடுத்து, இந்த எடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சா செலவு கம்மி" என்றார். பிறகு கீறலை நகத்தால் சுரண்டிவிட்டுச் சிரித்தார். "ஆட்டோன்னீங்க, மஞ்சளுக்குப் பதிலா பச்சையால்ல ஒட்டியிருக்கு! உங்க வீட்டு கேட்டு பச்சையா சார்?"

பொங்கலுக்கு நானே அடித்த பச்சை. சிலேட்டை உடைத்துவிட்டுப் பக்கத்துப் பையனைக் கைகாட்டிய எத்தனை பிள்ளைகளை என் வகுப்பில் எழுப்பி நிற்க வைத்திருப்பேன்!

"தொடைச்சிரவா?" என்றார். வேண்டாம், நாளை வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். அந்தப் பச்சையைக் கமலா பார்க்கட்டும் என்றுதான். சாப்பிடும்போது சொல்ல வாய் வரவில்லை.

உள்ளே திருப்பப் பயந்து காரைத் தெருவிலேயே நிறுத்தியிருந்தேன். சற்று முன் முருகன் வந்தார். காரைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்து இறங்கி, ஆட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டே அதைக் கடந்து போனார்.

அவர் வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. கமலாவை எழுப்பப் போகிறேன்.