நீ கல்லுடைத்த இடத்திலிருந்து கொண்டுவந்த முதுகெலும்பு

நேற்று மருமகள் குத்துவிளக்குத் துலக்கவென்று பழப்புளி கரைத்துக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தாள். அந்தப் புளிப்பு மணம் ஏறியதும் என் கை நின்றுவிட்டது. "என்ன மாமி, தலை சுத்துதோ?" என்றாள். "இல்லைப் பிள்ளை, நீ துலக்கு" என்று எழும்பி வந்து கொப்பியை எடுத்தேன். காஸ் மாற்றிய நாள், விரதம் பிடித்த நாள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று வீட்டு நடப்பெல்லாம் எழுதுகிற கொப்பி. உனக்கும் எனக்கும் இடையில் நடந்த ஒன்றை மட்டும் அதில் நான் எழுதவில்லை.

உப்புவெளிப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். யுத்தப் பிரச்சினை நேரம் நீ உன் அம்மாவோடு படகேறி இந்தியாவுக்குப் போனாய். நான் கலியாணம் கட்டி இங்கேயே கிடந்தேன். நீ முகாமில் இருந்து, அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல்லுடைத்துச் சுமந்தாய் என்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் கழித்து ஒருநாள் என் படலையைத் திறந்துகொண்டு வந்தாய். தலை முழுக்க நரை. கதைக்கிற விதம் மட்டும் மாறவில்லை.

"உனக்கெண்டு ஒண்டும் கொண்டுவரேல்லயடி. ஆனா காட்டவெண்டு ஒண்டு கொண்டந்தனான்" என்று பழைய சேலைச் சுருளொன்றை அவிழ்த்தாய். உள்ளே ஒரு வட்டக் கல். என் உள்ளங்கையளவு. இரண்டு பக்கமும் குழிந்திருந்தது.

"அகல்விளக்கோ?" என்றேன்.

"அகல்விளக்காம்! எடி விசரி, இது ஒரு மிருகத்தின்ர முதுகெலும்பு."

விமானநிலையத்தில் அதிகாரி கேட்டபோது மருந்தரைக்கிற கல் என்று சொல்லித் தப்பினாயாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

உனக்கு அதைச் சொல்லித் தந்தவள் சுரங்கம் பார்க்க வந்த ஒரு மாணவி. அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் கடலாம். அதில் பஸ்ஸை விட நீளமான ஊர்வன நீந்தித் திரிந்தனவாம். பார்வைக்கு மீன், ஆனால் மீனில்லை. பல்லி, முதலை மாதிரி ஊர்வன இனம். மூச்சுவிட மேலே வருமாம். எலும்பு மண்ணுக்குள் கிடந்து கல்லாகிவிட்டதாம்.

"முட்டை இடக்கூடக் கரைக்கு வராதாம். தண்ணிக்குள்ளயே குட்டி போடுமாம்" என்றாய்.

"ஐயோ, எந்த மருத்துவிச்சி நீந்திப் போனவளோ!" என்றேன். இரண்டு பேரும் கதிரையில் இருக்க ஏலாமல் சிரித்தோம். பிறகு நீ அந்தக் கல்லின் விளிம்பைக் காட்டினாய். மயிரிழை மாதிரி வளையங்கள். பக்கத்தில் அரிசியளவில் இரண்டு புடைப்பு. விலா எலும்பு பொருந்துகிற இடம். அந்த இரண்டையும் பார்த்துத்தான் இன்ன மிருகம் என்று படித்தவர்கள் பெயர் சொல்லுவார்களாம்.

"இஞ்ச கம்பஸில படிப்பிக்கிற ஆருக்காவது காட்டவேணுமடி. இன்னது எண்டு ஒரு கடதாசியில எழுதித் தரட்டும். இவ்வளவு காலமும் ஆரோ கட்டிற வீட்டுக்குக் கல்லுச் சுமந்தனான். இது ஒண்டுதான் என்ர கல்லு."

அடுத்த வாரமே நெஞ்சு வருத்தத்துக்கு மருந்தெடுக்க நீ கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. நீ இருந்த உன் தம்பி வீட்டில் சின்னப் பிள்ளைகள் எறிந்து விளையாடுவார்கள் என்று கல்லை என்னிடம் தந்தாய். "கல்லைக் கண்டா நீ பொட்டு வைப்பாய். கவனம்!" என்று பகிடியும் விட்டாய்.

நான் அதைச் சாமியறையில் வைத்தேன். வேறு எங்கே வைப்பேன்? மனிசர் வருமுன்னமே இறைவன் படைத்த உயிர். திருநீறும் வைத்தேன். நீ சுகமாக வரவேண்டுமென்று அதற்கு முன்னால்தான் தேவாரம் படித்தேன். அதன் மடிப்புகளில் பழைய மண் ஒட்டியிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்குகளைப் புளியில் போட்டபோது அதையும் ஒரு சட்டியில் போட்டு, தேசிக்காயும் பிழிந்துவிட்டேன். நுரைத்தது. ஊத்தை கழலுகிறது என்று சந்தோஷப்பட்டேன் பார்! மதியச் சமையல் முடியும்வரை ஊறவிட்டு, தேங்காய்ப் பொச்சால் நன்றாகத் தேய்த்தேன்.

துடைத்துப் பார்த்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது. வளையமில்லை, புடைப்புமில்லை. விளிம்பைத் தடவினேன். சவர்க்காரக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது. முருகா என்று நிலத்தில் இருந்துவிட்டேன்.

நீ கொழும்பால் வந்த அன்றே கல்லைக் கேட்டாய். கொண்டுவந்து தந்தேன். உன் பெருவிரல் விளிம்பைச் சுற்றி ஒருதரம் போனது. திரும்ப ஒருதரம் போனது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"கடல் காத்துக்குத் தேஞ்சு போச்சாக்கும்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். சாமியறை வாசலில் நின்றுகொண்டு.

கல்லைத் திரும்ப என் கையிலேயே தந்தாய். பிறகு, "ஓமோம், உப்புக் காத்தெல்லே" என்றாய். "பிளேன்டீ ஒண்டு ஊத்தன்."

அதற்குப் பிறகு கம்பஸ் கதையை நீ எடுக்கவே இல்லை. பின்னேரங்களில் வந்தாய், தேத்தண்ணி குடித்தாய், என் பேரப்பிள்ளையைப் பகிடி பண்ணினாய். இன்றைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று நான் இருந்தேன். மூன்று மாதத்தில் நீ போய்விட்டாய்.

உன் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை அந்தக் கல்லைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கம்பஸில் படிப்பிக்கிற ஒரு பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும், கண்ணாடிவில்லை வைத்துப் பார்த்தாள்.

"அன்ரி, இதை அசிட் மாதிரி எதிலயும் போட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை. பழப்புளியும் தேசிக்காயும். நான்தான்." முதல்முறையாக அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. கண் நிறைந்துவிட்டது.

கடல் ஊர்வனவின் முதுகெலும்பாகத்தான் தெரிகிறது, ஆனால் எந்த இனம் என்று இனிச் சொல்ல ஏலாது என்றாள். ஒரு சிறிய அட்டையை எடுத்து, ஆர் கண்டெடுத்தது என்று கேட்டாள். உன் பெயரை, அப்பாவின் பெயரோடு, எழுத்துக்கு எழுத்துச் சொன்னேன். அழகான கையெழுத்து. இனத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

"அவவிட்ட நான் உண்மை சொல்லேல்லப் பிள்ளை. காத்துக்குத் தேஞ்சதெண்டனான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். "அவ எவ்வளவு காலம் சுண்ணாம்புக்கல்லோட நிண்டவ?"

"இருபது வருஷத்துக்கு மேல."

"அப்ப அவவுக்குத் தெரிஞ்சிருக்கும் அன்ரி. சுரங்கத்தில சுண்ணாம்புக்கல்லு தானோ எண்டு பாக்க, அசிட்டை ஒரு துளி விட்டு நுரைக்குதோ எண்டுதான் பாக்கிறது. அசிட் திண்ட கல்லு எப்பிடி இருக்குமெண்டு தொட்டாலே அவைக்குத் தெரியும்."

பஸ்ஸில் வரும்போது யன்னலோரம் கடல் வந்துகொண்டே இருந்தது. நான் பார்க்கவில்லை. நீ குடித்த தேத்தண்ணிகளை நினைத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே அந்தக் கதிரையில் இருந்திருக்கிறாய். உன்னுடைய ஒரே கல்லைக் கரைத்தவளின் கையாலேயே வாங்கிக் குடித்திருக்கிறாய்.

கோயிலில் கோணேசர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்திருப்பார், அது அவருடைய குணம். ஆனால் எனக்கு அது போதவில்லையடி. கொப்பியில் அந்த வெள்ளிக்கிழமைக்குக் கீழே இப்போது எழுதிவிட்டேன்: கல்லைப் புளியில் போட்டவள் நான். அவளுக்குத் தெரியும்.

பின்னேரம் படலைச் சத்தம் கேட்டால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன். எனக்கு உன் பொறுமை வேண்டாம். வந்து, அந்தக் கதிரையில் இருந்து, வாய் நிறைய ஒருதரம் என்னை ஏசிப்போட்டுப் போ.