முதற் சுடர் ஏற்றியவர்

பான், 12 ஒக்டோபர் 2025

அன்புள்ள வேணுஜா பிள்ளைக்கு,

ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பா முழுக்கப் பிளேன் ஓடாமல் நின்ற கிழமை அது. ஊரில் சண்டை முடிந்து பதினொரு மாதம். நீங்கள் அப்போது ஜெர்மன் அரசாங்கத்தின் பக்கத்துச் சட்டத்தரணி. என்னிடம் வாக்குமூலம் எடுக்க, பறந்து வர வழியில்லாமல் ரயிலில் வந்து, இரண்டு மணித்தியாலம் பிந்தியதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். அந்த அறையில் தமிழ் தெரிந்தது நம் இருவருக்கும்தான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, போன் எழுதுகிறது. அன்று வாக்குமூலத்தின் அடியில் கையெழுத்துக்குப் பதில் போட்டதும் ஒரு புள்ளடிதான். ஆனால் பார்த்ததும் கேட்டதும் ஒன்றும் என்னை விட்டுப் போகாது.

மாவீரர் நாள் மேடைப் படத்தைக் காட்டிக் கேட்டீர்கள்.

"ஐயா, முதல் சுடர் ஏத்தினது ஆர்?"

"ஜோன்சன்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் பிள்ளை. அவர்தான் முதல்."

நீங்கள் பக்கத்தில் இருந்த அதிகாரிக்கு ஜெர்மனில் சொன்னீர்கள். அவர் தலையாட்டிவிட்டுத் தட்டெழுதினார். அந்தத் தலையாட்டலில் ஜோன்சன், இங்கே தடைசெய்த இயக்கத்தின் பொறுப்பாளர் ஆகிப்போனான். மூன்று வருடச் சிறை.

பிள்ளை, இங்கே முதற் சுடரைப் பொறுப்பாளர் ஏற்றுவதில்லை. செத்தவரின் தாயோ தகப்பனோ கூடப்பிறந்ததோதான் ஏற்றும். ஜோன்சனின் தம்பி கடைசிச் சண்டையில் போனவன். ஏன் அவன் ஏற்றினான் என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை.

சிறையை விட்டு வெளியே வந்த பிறகும் அவன் ஞாயிறு பூசை முடிந்து, தேத்தண்ணியோடு தின்னப் பணிஸ் வாங்கிக்கொண்டு என்னிடம் வருவான். "அண்ணை, உங்கட ஞாபகத்தை அரசாங்கமே நம்புது" என்று பகிடி விடுவான். ஒரு நாள் மட்டும் கேட்டான்: "நான் ஏன் ஏத்தினனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" ஓம் என்றேன். "அது காணும்" என்று தேத்தண்ணியைக் குடித்தான். இந்தப் பங்குனியில் நெஞ்சுவலியில் போய்விட்டான்.

இப்போது அவன் மனைவி பேர்பெச்சுவா, "குற்றவாளி எண்ட பேரோட அவரைப் படுக்க விடமாட்டன்" என்கிறாள். நீங்கள் அரசாங்கத்தை விட்டு, எங்கள் ஆட்களுக்காக வழக்குப் பேசுவதாகக் கேள்வி. வழக்கைத் திரும்பத் திறக்க ஏலுமோ?

இப்படிக்கு,
இரத்தினம்

பெர்லின், 20 ஒக்டோபர் 2025

மதிப்புக்குரிய இரத்தினம் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வாசித்தேன். அதன் பிறகு வந்த இரண்டு பேரைப் பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று எனக்கு முப்பத்தொரு வயது. தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்று அரச அலுவலகத்தில் என்னை நம்பினார்கள். அம்மா அப்பா என்னை அப்படியான நிகழ்வு ஒன்றுக்கும் கூட்டிப் போனதில்லை. படிப்புக் கெடும் என்று பயம். சுடர் ஏற்றுவது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூட அன்று எனக்குத் தெரியவில்லை. அந்த வழக்கால் எனக்கு அமைச்சில் பதவி கிடைத்தது. ஆறு வருடம் அங்கே இருந்துவிட்டு வெளியே வந்தேன். முன்பு நான் விசாரித்த மாதிரியான ஆட்களுக்காகத்தான் இப்போது வாதாடுகிறேன்.

இந்த வழக்கில் அரச பக்கம் நின்றதால் பேர்பெச்சுவா அக்காவுக்காக நான் வாதாடச் சட்டம் விடாது. மெலனி என்ற நல்ல சட்டத்தரணியிடம் சொல்லியிருக்கிறேன். நான் விளங்கிக்கொண்டது பிழை என்று எழுத்தில் கொடுப்பேன். அதனால் என் பெயர் கெட்டாலும் பரவாயில்லை.

ஆனால் நீதிமன்றம் ஒன்று கேட்கும்: ஜோன்சன் இல்லையென்றால் பொறுப்பாளர் யார்? அதற்கு விடை இல்லாமல் மனு நிற்காது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த ஆளைத் தண்டிக்க ஏலாது. ஆனால் பெயர் கோப்பில் ஏறும். அவருடைய தொழிலைப் பாதிக்கலாம்.

ஐயா, குடும்பத்தவரைப் பற்றி நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை என்று அன்றே சொன்னேன். அந்த உரிமை இன்றும் இருக்கிறது.

அன்புடன்,
வேணுஜா

பான், 2 நவம்பர் 2025

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் போன் மூன்று தரம் வாசித்தது. கடைசி வரியை ஏன் எழுதினீர்கள் என்று விளங்கியது. நன்றி. அந்த உரிமையைப் பதினைந்து வருடம் பாவித்துவிட்டேன்.

நீங்கள் கேட்ட அந்தப் பொறுப்பாளரிடம் முதலில் சொன்னேன். அவனுக்கு மியூனிக் விமான நிலையத்தில் வேலை. சில வருடத்துக்கு ஒருக்கா ஆளின் பழைய கோப்புகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

"அப்பா, என்ர வேலை போயிடும். கவிசாவின்ர படிப்பு?"

"ஜோன்சனுக்கும் வேலை இருந்தது."

"வயசு போட்டுது, மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோவன்! ஆர் கேக்கப்போகினம்?"

ஏலாது என்றேன். போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. பேத்தி கவிசாவும் எடுக்கவில்லை.

நேற்றுப் பேர்பெச்சுவா ஜோன்சனின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினாள். இன்னொன்றை என் கையில் தந்தாள். கொளுத்த மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மெலனி அம்மாவிடம் சொல்லுங்கள், கூப்பிடுகிற நாளுக்கு வருவேன். இம்முறை புள்ளடி போட முன்னர் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சொல்லப்போவது இதுதான்.

படத்தில் நாலு பேர். இடப்பக்கம் மணி அடித்தவர் நாகேசு, கொரோனாவில் போனார். கொடிக்கம்பத்தடியில் அல்போன்ஸ், நீரிழிவு போன மாரியில் கொண்டுபோனது. நடுவில் சுடரோடு ஜோன்சன். அவனுக்குப் பின்னால், பாதி முகம் தெரிய, கையில் மண்டபத்துத் திறப்புக் கொத்தோடும் நிகழ்ச்சித் தாளோடும் நிற்கிறவன்தான் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தவன். "அண்ணை, உங்கட தம்பிக்காக நீங்கள் ஏத்துங்கோ" என்று ஜோன்சனை மேடைக்குக் கூட்டி வந்ததும் அவன்தான். நாலு பேரில் உயிரோடு மிஞ்சியிருப்பதும் அவன் ஒருவன்.

இரத்தினம் சுரேன். என் மகன்.