கவிழ்த்துப் போட்ட கம்பளம்

மதினி,

இன்று காலை நான் வேலை பார்க்கும் நூலகத்தின் தாழ்வாரத்தில் கடைநிலை ஊழியர் ஒரு கம்பளத்தைச் சுவரில் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். பூவேலை மேலே தெரிந்தது. அந்த முகத்திலேயே விழுந்தது அடி. புழுதி வாசனை உள்ளே வந்ததும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். வெளியே போய், "கவுத்திப் போட்டு முதுகுல அடிங்கண்ணே. முகத்துல அடிச்சா மண்ணு இன்னும் உள்ளதான் போகும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணமே இல்லாமல் படி இறங்கினேன், ஏறினேன். இப்போது எழுதும்போதும் இடையிடையே எழுந்து ஜன்னல்வரை போய்விட்டு வருகிறேன்.

கல்யாணங்களுக்குக் கம்பளம் வாடகைக்கு விடுவதும், பெரிய வீட்டுக் கம்பளங்களை வாங்கிச் சுத்தம் செய்து கொடுப்பதும்தான் நம் வீட்டுத் தொழில். சின்னாளபட்டித் தறிக்காரர் வீட்டிலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதிலேயே, நீங்கள் ஒரு கம்பளத்தின் முதுகைத் தடவிப் பார்த்தீர்கள். "மண்ணு மேல இல்ல, அடி முடிச்சுல போயி உக்காந்திருக்கு" என்றீர்கள். அதுவரை அண்ணன் எல்லாவற்றையும் நேராகத் தண்ணீரில் முக்குகிறவர். நீங்கள் வந்தபின் முறை மாறியது. உச்சி வெயிலில் மொறுமொறுப்பாகும்வரை காயவேண்டும். மூங்கிலில் கவிழ்த்துப் போட்டு, வளையும் பிரம்பால் முதுகில் அடிக்கவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சூடான தவிட்டைத் தேய்த்து ஊறவிட வேண்டும். மண் எல்லாம் உதிர்ந்த பிறகுதான் தண்ணீர். "தண்ணி கடைசியா வர விருந்தாளி. முந்தி வந்துட்டா வீடே சேறாயிரும்" என்பீர்கள்.

ஆனால் அந்தப் புழுதி உங்கள் நெஞ்சுக்குள்ளும் போனது. முதலில் இருமல், பிறகு இழுப்பு. தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று அண்ணன் பிரம்புகளை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டார்.

அப்போதுதான் ஆடி பிறந்தது. நம்மவர்கள் வீடுகளில் கல்யாணம் கிடையாது. கம்பளங்கள் சுருட்டிக் கிடந்தன. தோல் வியாபாரம் செய்யும் ராவுத்தர் வீட்டிலிருந்து மட்டும் கூடத்துக் கம்பளம் வந்து இறங்கியது. மகளுக்கு நிக்கா. பல வருடக் கால்தடமும் எண்ணெயும் ஏறி, சிவப்பு எது, கறுப்பு எது என்று தெரியாமல் இருந்தது.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அண்ணன் அதன் ஒரு முனையைக் கிணற்றடித் தொட்டியில் இறக்கிவிட்டார். தூசியே கிளம்பாமல், நீங்கள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அவர் கணக்கு. நீங்கள் வந்து நின்றபோது தொட்டி நிறையக் கரிய சேறு. கம்பளத்தின் முனை, நனைந்த எருமைபோலக் கிடந்தது.

"யாரு இத நனைச்சது?"

"நாந்தான். உனக்காகத்தான்டி."

"எனக்காக ஊரான் வீட்டுக் கம்பளத்தக் கொல்லுவீகளோ?"

நான் சிரித்துவிட்டேன். "நீ என்ன புள்ள சிரிக்கிற? போயி தவிட்ட வறு" என்றீர்கள்.

"கெட்டுப் போச்சுன்னு போயி சொல்லிருவோம்" என்றார் அண்ணன். "டாக்டர் சொன்னது மறந்து போச்சா ஒனக்கு?"

"மறக்கல. அதுக்காக அந்தப் புள்ள நிக்காவுல வந்தவுக எல்லாம் வெறுந்தரையில உக்காரட்டுமா?"

அண்ணன் முனையைத் தொட்டியிலிருந்து தூக்கி வெயிலில் போட்டார். காய்ந்த பிறகு அந்த முனை பலகைபோல் விறைத்து நின்றது. நீங்கள் அடிக்கவில்லை. மூங்கிலின்மேல் வைத்து, விரற்கடை விரற்கடையாகப் பின்பக்கம் வளைத்தீர்கள். உள்ளே இறுகிய சேறு நெறுநெறுவென்று உடைவது, மறுபக்கம் பிடித்திருந்த என் கையிலும் தெரிந்தது. பிறகு சூட்டோடு தவிடு. பிறகு பரணிலிருந்த பிரம்புகளை இறக்கி, கம்பளத்தை வண்டியில் ஏற்றி, வற்றிய குளத்துக் கரைக்குக் கொண்டு போனோம். ஆடிக் காற்று முதுகில் அடிக்கும்படி நின்றால் தூசி முன்னால் பறந்துவிடும் என்பது உங்கள் யோசனை.

அண்ணன் ஈரத்துணியை உங்கள் மூக்கோடு வாயையும் சேர்த்துக் கட்டினார். "கட்டுன புருசனே மூஞ்சிய மூடுறாரு, அம்புட்டு அழகு போல" என்று துணிக்குள்ளிருந்து சொன்னீர்கள். அவர் சிரிக்கவில்லை. தள்ளிப் போய், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைக்கோட்டையைப் பார்த்து நின்றார்.

அருகருகே நின்று மாற்றி மாற்றி அடித்தோம். உங்கள் அடி, என் அடி. நீங்கள் இருமும்போது நான் ஓங்கிய பிரம்பை அப்படியே நிறுத்திக்கொள்வேன். மூச்சு திரும்பியதும் உங்கள் அடி விழும், பிறகு என்னுடையது.

"போதும் மதினி, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"ஒன் கையி புஸ்தகம் புரட்டுற கையி. சும்மா அடி."

முதலில் கட்டி கட்டியாகக் கறுப்பு விழுந்தது. பிறகு பழுப்பு. கடைசியில் வெறும் தவிடு மட்டும். குனிந்து, அந்தத் தவிட்டை உள்ளங்கையில் ஏந்தி ஊதிப் பார்த்து, துணியை இறக்கிவிட்டுச் சிரித்தீர்கள். அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பூந்திக்கொட்டை நீரில் அலசி, காயவைத்துக் கொண்டு போய் விரித்தோம். ராவுத்தர் வீட்டம்மா வெறுங்காலோடு அதன்மேல் நடந்து பார்த்து, "இந்தச் செவப்பு எங்கே இருந்துச்சு இத்தனை நாளா?" என்று கேட்டார்கள். நீங்கள் வெட்கப்பட்டீர்கள். வீடு வந்து படுத்தீர்கள், எழுந்தீர்கள், மறுபடி படுத்தீர்கள். மாசி தாண்டவில்லை.

அண்ணன் தொழிலை விட்டுவிட்டார், மதினி. இப்போது ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், சோற்றில் கையை வைத்துக்கொண்டு ஒரே கேள்வி. "நான் நனைக்காம இருந்திருந்தா அவ இருந்திருப்பாள்ல?" நுரையீரலைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். தூசிதான் என்று ஒன்று, பழைய நோயாக இருக்கலாம் என்று இன்னொன்று. உங்கள் சிரிப்பை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று எதிலும் இல்லை.

போன தடவை சொல்லிவிட்டேன். "நீங்க நனைக்காட்டியும் அவுக பெரம்ப எடுத்திருப்பாகண்ணே." அண்ணன் சோற்றைப் பிசைந்தார். பிறகு, "எடுத்திருப்பா, பிடிவாதக்காரி" என்று சொல்லி ஒரு கவளம் உண்டார். சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

இங்கே வாசகர்களில் யாராவது இருமினால், செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிடுகிறேன். அவர் மூச்சு திரும்பும்வரை காத்திருக்கிறேன். அதுவரை என் வலது கை கொஞ்சம் உயர்ந்தே நிற்கிறது.